அமலோற்பவம் சொன்ன அர்த்தம்

வெள்ளக்கல்மேட்டில் வியாதி வந்தவர்கள் உடனே பாயை விரித்துப் படுத்துவிட மாட்டார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நாலாக மடித்து வேட்டி மடிப்பிலோ சுருக்குப்பையிலோ செருகிக்கொண்டு, சனிக்கிழமை வரட்டும், அமலோற்பவம் அர்த்தம் சொல்லட்டும், அப்புறம் படுத்துக்கொள்ளலாம் என்று ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விடுவார்கள், வியாதியும் பாவம் வேறு வழியில்லாமல் சனிக்கிழமை வரைக்கும் அவர்கள் பின்னாலேயே காத்துக்கொண்டு நடக்கும். மகள் கல்யாணம் இருக்கிறது என்று ஒன்றரை மாதம் சீட்டைப் பிரிக்காமலே வைத்திருந்த ஆள்கூட உண்டு. பந்தல் பிரித்து, மறுவீடு முடித்து, மாப்பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டு வந்துதான் ஆஸ்பத்திரி ஜன்னலில் நீட்டினான். அவள் "மகோதரம்" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே அவன் வயிறு பானை மாதிரி வீங்கிற்று. பேர் தெரியாத விருந்தாளியை எவனாவது வீட்டுக்குள் விடுவானா என்பார்கள் அந்த ஊரில். அதில் ஆச்சரியப்பட அவர்களுக்கு ஒன்றும் இருந்ததில்லை.

ஊர் என்று சொன்னால் ஒரு மில், அதைச் சுற்றி இருநூறு வீடு, ஒரு மாதா கோயில், அவ்வளவுதான். மலையில் வெட்டி வருகிற வெள்ளைக்கல்லை மாவாக அரைத்து மூட்டை கட்டி எங்கேயோ கண்ணாடி செய்கிற ஊருக்கு அனுப்புகிற மில். அந்த மாவு பறந்து பறந்து வேப்பமரம் வெளுத்து, காக்கா வெளுத்து, மில்லை விட்டு வருகிற மனுஷர்கள் எல்லோரும் சாயங்காலத்தில் கிழடு தட்டிப்போய் வருவார்கள், குளித்த பிறகுதான் அவரவர் வயது தெரியும். அதனால் அங்கே வேலைக்குப் போகிற ஆணும் பெண்ணும் மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத்துணி கட்டிக்கொள்வது வழக்கம். கல்யாணச் சீரில் குடம், குத்துவிளக்கோடு வாய்த்துணி அரை டஜனும் வைக்கிற ஊர் அது.

மில்லுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அதில் மஸ்கரேனஸ் என்று மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த வயசான டாக்டர் ஒருவர் இருந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தமே மூன்று: நாக்கை நீட்டு, மூச்சை இழு, சட்டையைப் போடு. மிச்சத்தையெல்லாம் எழுத்தில்தான் சொல்வார். அந்த எழுத்தாவது லேசான எழுத்தா? ஒன்று வெள்ளைக்காரனே மறந்துபோன பாட்டன் காலத்து இங்கிலீஷ், இல்லாவிட்டால் விஞ்ஞானப் புத்தகத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிற வார்த்தை. ஒரு தடவை "சிங்கல்டஸ்" என்று எழுதிய சீட்டை வாங்கிப்போன மூட்டைக்காரன் ஒருவன், இவ்வளவு பெரிய பேர் வைத்த வியாதி ஆளை விடாது என்று மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டு, நிலத்தை மகன் பேருக்கு எழுதச் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை வந்து நின்றான். அமலோற்பவம் பார்த்துவிட்டு, "விக்கல்" என்றாள். வரிசையே சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்துவிட்டது.

அமலோற்பவத்துக்கு வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. டவுன் கான்வென்ட்டில் படித்துவிட்டு வந்து ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் பேர் எழுதுகிற வேலையில் உட்கார்ந்தவள், டாக்டர் எழுத்தைப் படிக்க வேறு ஆளில்லாததால் சனிக்கிழமைகளில் ஜன்னலில் உட்கார்ந்து அர்த்தம் சொல்கிறவளாகவும் ஆகிப்போனாள். அவளிடம் இரண்டு தடித்த அகராதிகள் இருந்தன, பழைய இங்கிலீஷுக்கு ஒன்று, வைத்திய வார்த்தைகளுக்கு ஒன்று. பத்தொன்பது வருஷத்தில் ஒரு அர்த்தமாவது அவள் பிசகிச் சொன்னது கிடையாது. கண்டமாலை என்றால் கண்டமாலை, காணாக்கடி என்றால் காணாக்கடி. அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு, இல்லை என்று சொன்னால் அது பொய். அர்த்தம் சொன்னதற்குக் கூலியாக யாராவது ஒரு முருங்கைக்காயையோ நாலு எலுமிச்சம்பழத்தையோ ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போவார்கள், அவள் வேண்டாம் என்றதுமில்லை, கேட்டதுமில்லை.

இன்னாசி அந்த ஜன்னலுக்கு வந்தது தை மாசத்து மூன்றாவது சனிக்கிழமை. மில்லில் அரைவை வாயில் கல் கொட்டுகிறவன், இருபத்தாறு வருஷமாய் அதே இடம். அமலோற்பவத்தின் அம்மா செத்தபோது ஐப்பசி மழையில் கல்லறைப் பாதை முழங்கால் சேறாகக் கிடந்து சவப்பெட்டியைத் தூக்க ஆளில்லாமல் எல்லோரும் பின்வாங்கின வேளையில், முன்கொம்பில் தோளைக் கொடுத்து, "நடங்கடா, எங்க ஆத்தாவா இருந்தா விட்டுட்டுப் போவீங்களா" என்று அதட்டி நடத்திக்கொண்டு போனவன் அவன். அன்றிலிருந்து அவளுக்கு அவன் அண்ணன், அவனுக்கு அவள் தங்கச்சி, அவன் பெண்சாதி மதலேனுக்கு இவள் மதினி. இரண்டு மாசமாய் இருமிக்கொண்டிருந்தான். அன்றைக்கு மதலேனும் வந்திருந்தாள், மகள் பவுலினாவும் வந்திருந்தாள், மூன்று பேரும் வழியில் எதற்கோ சிரித்துக்கொண்டே வந்து அந்தச் சிரிப்பு வாயில் பாதி நிற்கும்போதே சீட்டை நீட்டினார்கள்.

சீட்டில் ஒரே வார்த்தை. தைசிஸ். சொல்லப் போனால் பல் இடறுகிற வார்த்தை. அகராதியைத் தொட வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் நாலு பேருக்கு அவள் அதன் அர்த்தத்தைச் சொல்லியிருக்கிறாள். நெஞ்சுக்குள் தூசி கல்லாக இறுகி, மனுஷன் உருகிக் கரைந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போவது. சொன்ன நாலு பேருமே பத்து நாளைத் தாண்டவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இன்னாசி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். மீசையில் மில்மாவு அப்பியிருந்தது. "என்ன தங்கச்சி, பெரிய பேரா? விக்கல்தான?"

அன்றைக்குக் காலையில் அவள் கஞ்சிக்கு உப்புப் போட மறந்து அப்படியே குடித்துவிட்டு வந்திருந்தாள், நாக்கு அதையே நினைத்துக்கொண்டிருந்தது, அதனால்தான் அந்த வார்த்தை வந்ததோ என்னவோ. "ஒண்ணுமில்லண்ணே. உடம்புல உப்புக் கட்டியிருக்கு. இருமினா உப்பா வெளிய வந்துரும்" என்றாள்.

இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று பிற்பாடு தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டாள். இரக்கமாவது மண்ணாவது! அந்த முகம் அவள் கண் முன்னால் மாறுவதைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான் விஷயம். பயத்துக்கு இரக்கம் என்று ஞானஸ்நானப் பேர் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில் இன்னாசி இருமினான். உள்ளங்கையில் வெள்ளை வெளேரென்று ஒரு சிட்டிகை விழுந்தது. மதலேன் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புதான்யா" என்றாள். பிறகு அதை வீணாக்குவானேன் என்று கொதிக்கிற பருப்பில் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனாள்.

அர்த்தம் சொன்ன வியாதி சொன்னபடிதானே நடக்கும் என்று ஊர் அதைச் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு நாளைக்குக் கால்படி வந்தது, ஈரக்காற்று அடிக்கிற நாளில் அரைப்படி. நயமான உப்பு, கல் கிடையாது, கசப்புக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி முதலில் ஒரு கரண்டி கேட்டாள், பிறகு தெருவே கேட்டது, விளக்கு வைத்த பிறகு உப்புக் கொடுக்கக் கூடாது என்கிற சாஸ்திரத்தையும் மதலேன் பார்க்கவில்லை, அது கடை உப்புக்குத்தானே, இது எங்க வீட்டுக்காரர் உப்பு என்று வாரி வாரிக் கொடுத்தாள். அந்த உப்பில் போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய் பூசணம் பிடிக்கவில்லை, அந்த உப்புத் தடவிய ஆட்டுப் புண்ணில் ஈ உட்காரவில்லை, பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பைப் பற்றியே ஒரு மணி நேரம் பிரசங்கம் வைத்து வியர்த்துப்போனார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே, ஊரே இன்னாசி வீட்டு உப்பைத் தின்றுவிட்டு அவனைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றது. மஸ்கரேனஸ் டாக்டர் அவனைக் கூப்பிட்டு மூச்சை இழு என்றார், சட்டையைப் போடு என்றார், அப்புறம் வெகு நேரம் யோசித்துச் சீட்டில் ஒரு வார்த்தை எழுதினார். அமலோற்பவம் அதைப் பார்த்து "விந்தை" என்று அர்த்தம் சொன்னாள். அது மட்டும் உண்மை.

இன்னாசி தேறினான், சதை போட்டான், குரல் கணீரென்று ஆயிற்று. உப்பு என்று அர்த்தம் வந்த சீட்டை வீட்டில் மாதா படத்துக்குக் கீழே சோற்றுப் பசை தடவி ஒட்டிவைத்தான். வருகிற போகிற பேரெல்லாம் அதைப் பார்த்துப் பார்த்து, படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட அந்த வார்த்தையின் உருவம் மனப்பாடம் ஆகிவிட்டது.

அதில்தான் வந்தது வினை. தைமாசம் போய் மாசி பிறந்தபோது மில்லில் ஒரு பேச்சுக் கிளம்பிற்று: துணியைக் கட்டி மூக்கை அடைத்துக்கொண்டால் உப்பு எப்படிக் கட்டும்? இன்னாசி சூதுவாது தெரியாதவன், தனக்கு வந்த அதிர்ஷ்டம் நாலு பேருக்கு வரட்டுமே என்கிற நல்ல மனசில், அரைவை வாயில் நின்றுகொண்டு சத்தம் போட்டுச் சொன்னான்: "மூக்கத் தொறந்து விடுங்கடா! நான் வேர்வையில துணி நழுவி நழுவித்தான் வேலை பார்த்தேன். எனக்கு வரலையா?" முதலில் வாலிபப் பையன்கள் அவிழ்த்தார்கள். பிறகு பெண்கள் அவிழ்த்தார்கள். பங்குனியில் நடந்த ஒரு கல்யாணத்தில் சீர்த்தட்டில் வாய்த்துணிக்குப் பதிலாகக் காலி உப்பு ஜாடி வைத்தார்கள்.

அமலோற்பவம் இதையெல்லாம் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டவளுக்கு எரியாமல் என்ன செய்யும்? உப்பைத் தின்பதையே விட்டாள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் முழங்காலில் நின்று, "சுவாமி, பொய் சொன்னேன்" என்றாள். எந்தப் பொய் என்று சாமியாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பரிகாரமாக மூணு அருள்நிறை மந்திரம் சொல்லு என்றார். சொல்லி முடித்து எழுந்து வந்தாள், நெஞ்சில் இருந்த பாரம் ஒரு குந்துமணி குறையவில்லை.

பங்குனி கடைசியில் ஸ்தனிஸ்லாஸ் வந்தான். இருபத்து நாலு வயசுப் பையன், கல்யாணமாகி நாலு மாசம். சீட்டை நீட்டும்போதே அவன் முகத்தில் வெளிச்சம். "அதே வார்த்தைதான்க்கா. அண்ணன் வீட்டுல போய் ஒட்டுன சீட்டோட வெச்சுப் பாத்துட்டுத்தான் வந்தேன். சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். வரிசையின் கடைசியில் இன்னாசி நின்றுகொண்டிருந்தான், பையனுக்குத் துணையாக வந்தவன், கையில் வெற்றிலையோடு. அர்த்தத்தை இந்தக் காதுக்குச் சொல்லி அந்தக் காதுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஒரே வார்த்தை. பையனுக்கு அவிழ்த்தால் அவனுக்கும் அவிழும். "உப்பு" என்றாள். அவளுக்கே கேட்காத குரலில் சொன்னாள். பையன் கையைத் தட்டிக்கொண்டு ஓடினான்.

அவன் பெண்சாதி ஜாடியைச் சாம்பல் போட்டு விளக்கித் தலைமாட்டில் வைத்துக் காத்திருந்தாள். உப்பு வரவில்லை. ரத்தம் வந்தது. சித்திரையில் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வைகாசியில் மூட்டை தைக்கிற பிச்சையம்மாள், மூன்று பிள்ளைக்காரி, அதே சீட்டு, அதே அர்த்தம், அதே காலி ஜாடி. ஊர் என்ன சொல்லிற்று தெரியுமா? அவங்களுக்கு இருமத் தெரியலை, உப்பு உள்ளேயே தங்கிப்போச்சு என்றது. துஷ்டி வீட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஜன்னலில் நின்று, நல்லா இருமுறதுக்கு ஏதாவது வார்த்தை இருக்கா என்று அவளிடமே கேட்டார்கள்.

ஏன் ஸ்தனிஸ்லாஸுக்கு வராத உப்பு இன்னாசிக்கு வந்தது என்று அவள் யோசிக்காத நாளில்லை. முதல் தடவை சொல்லும்போது அதை உண்மையாக்கிவிட மாட்டோமா என்று அவள் உயிரே துடித்தது, இரண்டாம் தடவை சொல்லும்போது பொய் சொல்கிறோம் என்று மட்டும்தான் தெரிந்தது. இதுதான் காரணமா, வேறு காரணமா, யாருக்குத் தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது? இரண்டு பேர் செத்தாயிற்று. அவள் சொல்லியிருந்தால் துணியைக் கழற்றியிருக்கவே மாட்டார்கள்.

ஆனி மாசம் பவுலினா மில்லில் சேர்ந்தாள். பதினேழு வயசு, பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு நின்ற பெண், சுறுசுறுப்புக்காரி. அப்பா எடுத்துக்கொடுத்த இடம், மாவு கொட்டுகிற வாயில் மூட்டை பிடிக்கிற வேலை, தூசி அங்கேதான் அதிகம். அமலோற்பவம் அவளைக் கிணற்றடியில் மடக்கினாள்.

"துணி கட்டிக்கம்மா. அத்தை சொல்றேன், கேளு."

"அப்பாவுக்கு வந்தது எனக்கு வர வேணாமாத்தை?"

"உப்பு ஒருத்தருக்குத்தான் வரும். எல்லாருக்கும் வராது."

பவுலினா சிரித்தாள். "எங்கப்பாவுக்கு வருமாம், எனக்கு வராதாம். ஏன் அத்தை, உங்களுக்குப் பொறாமையா?" குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பேச்சு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, மதலேன் ஒரு வாரம் மதினியோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

இன்னாசியிடமே போய்க் கேட்டுவிடலாம் என்று அவள் நாலைந்து தடவை அவன் வீட்டு வாசல் வரைக்கும் போனாள். என்னவென்று கேட்பாள்? அண்ணே, நான் உண்மையைச் சொன்னால் நீ செத்துப்போவாய், சொல்லாவிட்டால் உன் மகள் செத்துப்போவாள், எது உனக்குச் சம்மதம் என்றா? கேட்டாலே சொன்னதாக ஆகிவிடும். அவனிடம் கேட்டுச் செய்கிற பாக்கியம்கூட அவளுக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் அவன் திகைத்துப்போய், "என்ன தங்கச்சி, வந்துட்டு வாசல்லயே நிக்கிற, உள்ள வா, கூழு குடி" என்பான். ஒரு தடவை உள்ளே போய்க் கூழும் குடித்தாள். அவன் உப்புப் போட்ட கூழ். குடித்த கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

ஆடி மாசத்து இரண்டாம் சனிக்கிழமை வரிசையில் பவுலினா நின்றாள். பின்னால் இன்னாசி, மகள் தோளில் கை போட்டுக்கொண்டு. பவுலினா இருமிக்கொண்டிருந்தாள். வறட்டு இருமல், இருமி முடித்ததும் உள்ளங்கையைப் பார்ப்பாள், ஒன்றும் இருக்காது, மறுபடி இருமுவாள். சீட்டை அவள் ஏற்கெனவே பிரித்துப் பார்த்திருந்தாள். எழுத்துக் கூட்டத் தெரிந்த பெண்.

"கட்டார்னு போட்டிருக்கு. என்னத்தை அது?"

"சளி" என்றாள் அமலோற்பவம். அது உண்மைதான். இன்றைக்குச் சளி. முன்னே செத்த அந்த நாலு பேருக்கும் ஸ்தனிஸ்லாஸுக்கும் பிச்சையம்மாளுக்கும்கூட முதல் சீட்டில் அந்த வார்த்தைதான் இருந்தது, ரிஜிஸ்டரில் அவள் கையெழுத்திலேயே இருக்கிறது.

பவுலினாவின் முகம் வாடிற்று. "சளிதானா? அப்பாவுக்கு வந்த வார்த்தை எனக்கு எப்பத்தை வரும்?"

"வரும் தாயி" என்றான் இன்னாசி, மகள் தலையைத் தடவி. "அவசரப்படாத. அப்பனுக்கு வந்தது உனக்கு வராமப் போயிருமா?"

அமலோற்பவம் எழுந்து நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஜன்னலுக்குப் பின்னால் அவள் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வார்த்தைக்கு உப்புன்னு அர்த்தமில்லை" என்றாள். "நான் பொய் சொன்னேன். தூசி நெஞ்சுல போயி கல்லா இறுகி, ஆளு உருகித் தேஞ்சு செத்துப்போறதுக்கு இங்கிலீஷ்ல அந்தப் பேரு. ஸ்தனிஸ்லாஸ் அதுலதான் செத்தான். பிச்சையம்மா அதுலதான் செத்தா. அண்ணே, உனக்கும் தை மாசம் அதைத்தான் எழுதியிருந்துச்சு. உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லப் பயந்துட்டேன்ணே. என்னைய மன்னிக்காத. துணியக் கட்டுங்க. எல்லாரும் துணியக் கட்டுங்க."

இன்னாசி மகள் தோளிலிருந்து கையை எடுத்தான். ஏதோ சொல்லப் போனவன் இருமினான். கையை விரித்துப் பார்த்தான், அப்புறம் கையை மூடிக்கொண்டு, மகள் பார்த்துவிடாமல் வேட்டியில் துடைத்தான். ஆனாலும் வேட்டியில் சிவப்புத் தெரிந்தது, சிவப்பில் நெருநெருவென்று கல்மாவு தெரிந்தது.

அதே நாழிகையில் ஊரில் இருந்த அத்தனை ஜாடியிலும் உப்பெல்லாம் கல்மாவாய் மாறிப்போயிருந்தது. மத்தியானச் சோற்றை வாயில் வைத்தவர்கள் பல் நறநறக்கத் துப்பினார்கள். பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டு ஜாடிகளைத் தூக்கிப்போய் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் கொட்டினார்கள், ஊறுகாய்ப் பானைகளையும் கொட்டினார்கள், கொட்டி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து பெட்டிகளைக் குடைந்து பழைய சேலைகளைக் கிழித்தார்கள். திங்கட்கிழமை மில்லுக்கு ஒரு ஆள் போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. தூசி பறக்கிற இடத்தில் தண்ணீர் தெளிக்கக் குழாய் போட்டால்தான் வருவோம் என்றார்கள், மானேஜர் கத்தினார், கெஞ்சினார், ஒன்பதாம் நாள் குழாய் போட்டார். இதையெல்லாம் யார் ஆரம்பித்து வைத்தது என்று ஒருத்தரும் அமலோற்பவத்தின் பேரைச் சொல்லவில்லை. யாராவது திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். திட்டவுமில்லை.

ஐந்தாம் நாள் இன்னாசியைப் பார்க்கப் போனாள். மதலேன் நிலையில் கையை வைத்து மறித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க, ரிஜிஸ்டர் அம்மா?" என்றாள். மதினி என்று கூப்பிட்டுப் பழகிய வாய்.

"உள்ள விடு மதலேன்" என்றது குரல், முன்பிருந்ததில் கால்வாசிக் குரல்.

பாயில் கிடந்தவனை அவள் பார்த்தாள். ஐந்தே நாளில் ஆறு மாசச் சதையும் போயிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தொட்டாள். "நான் உன்னையக் கொன்னுட்டேன்ணே."

"நீ எங்க கொன்ன. மில்லுல்ல கொன்னுச்சு" என்றான் அவன், மூச்சு வாங்கி வாங்கி. "ஆறு மாசம் நல்லாத்தான் இருந்தேன். கல்லு கொட்டுனவனுக்கு ஊரே எந்திரிச்சு நின்னுச்சு. அதுக்கு உன்னையக் கையெடுத்துக் கும்புடலாம்." கண்ணை மூடிக்கொண்டான். போய்விட்டானோ என்று அவள் குனிந்தபோது மறுபடி திறந்தான். "ஆனா அந்தப் பையன் ஸ்தனிஸ்லாஸ். துணியக் கழட்டுடான்னு நாந்தான தங்கச்சி சொன்னேன். அவன் மாட்டேன்னான். நானே புடிச்சு அவுத்துவிட்டேன், சிரிச்சுக்கிட்டே. அது தெரியாமச் செத்திருப்பேன். இப்பத் தெரிஞ்சு சாகுறேன்."

அவள் அவன் வாயோரத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். அதற்கு நாலாம் நாள் அவன் போனான். பெட்டியின் முன்கொம்பை ஸ்தனிஸ்லாஸின் அப்பா பிடித்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமைகளில் யாரும் வரவில்லை. சீட்டுகளை மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்கள், வியாதிகளும் ஊர் முழுக்கப் பின்னாலேயே அலைந்தன. அமலோற்பவம் ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்துவிட்டு மூடிக்கொண்டு போவாள். ஆவணி பிறந்து, முடிகிற வாரத்தில், காத்திருந்து பொறுக்க முடியாத ஏழெட்டுப் பேர் ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றார்கள். முன்னால் பவுலினா. கறுப்புத் தாவணி, கழுத்தில் நனைந்த வாய்த்துணி தொங்கிற்று, குழாய் போட்ட பிறகு மறுபடி மில்லுக்குப் போகிறாள், வீட்டில் வேறு வருமானமில்லை. இருமல் நிற்கவில்லை. சீட்டைக் கொடுக்காமல் விரித்துக் கம்பிக்கு வெளியே தூக்கிக் காட்டினாள்.

அமலோற்பவம் படித்தாள். கான்வலசன்ட். டாக்டருக்குப் பிடித்த பழைய வார்த்தை. எத்தனை வருஷமாச்சு அதை அவர் எழுதி! அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நல்ல வார்த்தைம்மா" என்றாள். "சீக்கு விட்டுப்போயி உடம்பு தேறி வருதுன்னு அர்த்தம். நெஞ்சு சுத்தமாயிருச்சு. ஒனக்கு ஒண்ணுமில்லை."

எல்லோரும் பவுலினாவைப் பார்த்தார்கள். அர்த்தம் சொன்னால் உடம்பு கேட்க வேண்டும். பவுலினா நின்றாள், காத்திருந்தாள், அப்புறம் இருமினாள். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முன்னைவிட மோசமாக இருமினாள்.

"சத்தியமாம்மா! மாதா மேல சத்தியம், தேறிட்டன்னுதான் எழுதியிருக்கு!"

பவுலினா வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கோபமெல்லாம் இல்லை அவள் முகத்தில். "அப்பாகிட்டயும் நல்ல வார்த்தைன்னுதான் சொன்னீங்க" என்றாள். "புத்தகத்தைக் குடுங்க."

கம்பிக்குள் புத்தகம் நுழையவில்லை. அமலோற்பவம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து இரண்டு அகராதியையும் படியில் வைத்தாள். பவுலினா மண்டி போட்டு உட்கார்ந்து, சீட்டைப் பக்கத்தில் கல் வைத்து அமுக்கி, முதல் எழுத்தைத் தேடினாள், இரண்டாம் எழுத்தைத் தேடினாள், பக்கம் தள்ளிப் போயிற்று, திரும்பி வந்தாள், வழி தப்பினாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு இருமலுக்கும் விரல் நழுவிற்று. இதோ இந்தப் பக்கம், இரண்டு இலை தள்ளு கண்ணே, வலது கைப் பக்கம், கீழிருந்து நாலாவது என்று அமலோற்பவத்தின் நெஞ்சு அடித்துக்கொண்டது, சொன்னால் அந்தப் பக்கத்தையும் நம்ப மாட்டாள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வெயில் ஏறிற்று. வரிசையில் ஒருத்தரும் நகரவில்லை.

விரல் ஒரு இடத்தில் நின்றது. பவுலினா வாய்க்குள் எழுத்துக் கூட்டினாள், அர்த்தத்தை ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள். படித்து முடித்து ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். இருமல் வரவில்லை. இன்னொரு மூச்சு இழுத்தாள். வரவில்லை.

சீட்டை மடித்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். அமலோற்பவம் இரண்டு கையையும் நீட்டியபடி ஒரு எட்டு முன்னால் வந்தாள். பவுலினா அவளைச் சுற்றிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்து போனாள்.

வரிசையில் அடுத்து நின்ற கிழவன் முன்னால் வந்தான். அவனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. அமலோற்பவம் பழக்க தோஷத்தில் சீட்டுக்குக் கையை நீட்டினாள்.

"நீங்க தள்ளிக்கங்கம்மா" என்றான் அவன். படியில் உட்கார்ந்து, அகராதியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, போகிற பெண்ணைப் பார்த்துக் கூப்பிட்டான். "ஏ தாயி பவுலினா! ஒரு எட்டு வந்து இதையும் பாத்துச் சொல்லிட்டுப் போத்தா."